ஜீப்ரா மீன்: கூட்டமாக வளர்த்து, முட்டை எடுத்து, குஞ்சு தேற்றுவது வரை

நம் ஊரில் "ஒரு ஜோடி குடுங்க" என்று கேட்டுத்தான் மீன் வாங்குவோம். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் சென்னையில் அலங்கார மீன் விற்கும் கொளத்தூர் போய் அப்படியே இரண்டு ஜீப்ரா வாங்கி வந்தேன். பெரியது சின்னதை விடாமல் விரட்டியது. சின்னது ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்தே கிடந்தது. எட்டாம் நாள் காலையில் தொட்டியில் ஒன்றுதான் இருந்தது. மற்றது டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. மூடி போடாதது ஒரு தப்பு. ஜோடியாக வாங்கியது அதைவிடப் பெரிய தப்பு.

ஜீப்ரா டேனியோ கூட்ட மீன். எட்டு பத்து சேர்ந்து இருந்தால்தான் அது தன் இயல்பில் இருக்கும். விரட்டல் அப்போதும் இருக்கும், ஆனால் அது பத்தில் ஒன்றாகப் பகிர்ந்து போய்விடும், எந்த ஒரு மீனும் அடி வாங்கிக்கொண்டே இருக்காது. எட்டாக வாங்கிவிட்டால் ஆண் எது பெண் எது என்ற கவலையும் பாதி தீர்ந்தது. கலந்துதான் இருக்கும், முட்டையும் தானாக வரும். இந்த மீனில் முட்டை வரவைப்பது பெரிய வித்தை இல்லை. வந்த முட்டையைத் தாய் தகப்பன் வாயில் இருந்து காப்பாற்றுவதும், குஞ்சை முதல் பத்து நாள் பட்டினி போடாமல் தேற்றுவதும்தான் வேலை. அதனால் தொட்டி, தீனி பற்றிச் சுருக்கமாகவும், அந்தப் பத்து நாள் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

ஏன் ஜீப்ரா?

நியான் டெட்ரா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அமேசான் பகுதியின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரில் பிறந்தது. நம் போர் தண்ணீரில் உயிரோடு வைத்திருக்கலாம், முட்டை பொரிய வைக்க ஆர்.ஓ. தண்ணீர், இருட்டறை என்று ஏகப்பட்ட ஏற்பாடு வேண்டும். ஜீப்ராவுக்கு அந்த நச்சரிப்பு இல்லை. அது கங்கை, பிரம்மபுத்திரா ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்தது. இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றிலும் மெதுவாக ஓடும் ஓடைகளிலும் நெல் வயல் வாய்க்கால்களிலும் இருக்கிறது. குளிர்காலத்துச் சில்லிப்பையும் கோடைச் சூட்டையும் பார்த்து வளர்ந்த மீன் என்பதால் சென்னை வெயிலுக்குச் சட்டென்று சுருண்டுவிடாது.

1822-இல் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன். 1800-இல் மதராஸில் இருந்து கிளம்பி மைசூர், கன்னட, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய ஃபிரான்சிஸ் புக்கானன்தான் பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். நம் ஊர் வரலாறு படிப்பவர்களுக்குப் பழகிய பெயர், மீன்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஆய்வுக்கூடங்களும் இந்த மீனை விரும்புகின்றன. முட்டை தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதுதான் காரணம். அமெரிக்காவில் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை வைத்து வேலை செய்து, 1981-இல் நகல் (க்ளோன்) மீன்களை உருவாக்கிக் காட்டினார். 2013-இல் இதன் மரபணு வரிசை முழுவதும் வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் குறைந்தது ஒரு இணை இருப்பது தெரிந்தது. இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், இந்த மீனை எப்படி வளர்ப்பது, எத்தனை மணிக்கு முட்டை போடும், எத்தனையாம் நாள் குஞ்சு வாய் திறக்கும் என்பதெல்லாம் மணிக்கணக்கில் அளந்து வைத்த விஷயம். வேறு எந்த அலங்கார மீனுக்கும் இந்த அளவு விவரம் கிடையாது.

தொட்டி

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். முழுக்க நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். பத்து ஜீப்ராவுக்கு இது சரி. உயரமான தொட்டியை விட நீளமான தொட்டி நல்லது, ஏனென்றால் இது மேலும் கீழும் போகும் மீன் இல்லை, நீளவாக்கில் ஓடும் மீன். வட்டக் கிண்ணத்தில் விடுவது பாவம்.

மூடி கட்டாயம். கண்ணாடி மூடி இல்லையென்றால் கொசுவலைச் சட்டம் அடித்துப் போடுங்கள். வயர் போகும் ஓட்டையைக்கூட ஸ்பாஞ்சு வைத்து அடையுங்கள். என் இரண்டாவது ஜீப்ரா அந்த ஓட்டை வழியாகத்தான் போனது.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும், ஏர் பம்ப்பில் ஓடுவது. விலை குறைவு, குஞ்சை உறிஞ்சாது, பின்னால் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். கரன்ட் போகும் ஏரியாவாக இருந்தால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மே மாதத்தில் ராத்திரி நான்கு மணி நேரம் கரன்ட் போனால் காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

அடியில் கருமணல், பின்பக்கம் கொஞ்சம் செடி. வெள்ளைக் கல், கலர் கல் போட்டால் மீன் நிறம் வெளுத்துத் தெரியும். கருப்பு அடித்தளத்தில்தான் அந்த நீலக்கோடு எடுத்துக்காட்டும்.

தண்ணீர்

மீன் செத்துவிட்டது என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் நோயால் இழந்ததில்லை, தண்ணீரால் இழந்தவர்கள். இரண்டு விதமாக நடக்கும்.

முதலாவது, புதுத் தொட்டி. காலையில் தொட்டி வாங்கி மாலையில் மீன் விடுவது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அது விஷம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன் விட்டால் இரண்டாம் வாரம் வரிசையாகச் சாகும். இதற்குச் சுலபமான வழி, ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பரின் அழுக்கு ஸ்பாஞ்சை வாங்கி வந்து உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே பிழிவது. பார்க்க அருவருப்பாக இருக்கும், வேலை செய்யும். அப்படியும் முதல் வாரத்தில் நான்கு மீனுக்கு மேல் விடாதீர்கள். மூன்றாம் வாரம் மீதியை விடுங்கள்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை சுத்தம். தொட்டியை முழுக்கக் காலி செய்து, மணலைக் கழுவி, ஸ்பாஞ்சை குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசி, புதுத் தண்ணீர் ஊற்றுவது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவையும் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் முந்தின நாளே வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். லாரித் தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதற்கு மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைப் போட்டுவிடுவது உத்தமம். ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் அலச வேண்டும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பு இருக்கும். ஜீப்ராவுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர் பிரச்சினை இல்லை, பி.எச். (அமில-கார அளவு) 7-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் சந்தோஷமாக இருக்கும். துணி துவைத்தால் நுரையே வராத அளவு உப்பு என்றால் மட்டும் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ கலந்துகொள்ளுங்கள்.

சூடு 24 முதல் 28 டிகிரி நல்லது. நம் ஊரில் ஹீட்டர் வேண்டியதில்லை, கோடையில் குளிர்விப்பதுதான் பாடு. மூடிக்குப் பதில் வலையைப் போட்டு, ஒரு சின்ன மேசை ஃபேனைத் தண்ணீர் மேல் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் சீக்கிரம் வற்றும், தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஐஸ் கட்டியை நேராகப் போடும் பழக்கம் வேண்டாம்.

வாங்கும்போது

சுறுசுறுப்பாக ஓடும் தொட்டியில் இருந்து கேளுங்கள். ஒரு தொட்டியில் ஒரு மீன் ஒட்டிய வயிற்றோடு, வளைந்த முதுகோடு இருந்தால்கூட அந்தத் தொட்டியே வேண்டாம். சாதாக் கோடு, நீண்ட துடுப்பு, புள்ளி போட்ட லெப்பர்ட் என்று கடையில் வேறு வேறு பெயரில் இருக்கும். எல்லாம் ஒரே இனம்தான். லெப்பர்டை 1963-இல் தனி இனம் என்று பெயர் வைத்தார்கள், பிற்பாடு அது ஜீப்ராவின் மரபணு மாற்றம்தான் என்று தெரிந்தது. எல்லாம் ஒன்றோடொன்று சேரும்.

பளீர் சிவப்பு, பச்சையில் ஒளிரும் ஜீப்ராவும் உண்டு. அது சாயம் ஏற்றியது இல்லை. கடல் உயிரினங்களின் ஒளிர் மரபணுவைப் புகுத்தி உருவாக்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், தண்ணீர் மாசைக் காட்டிக் கொடுக்கும் மீனாக உருவாக்கத் தொடங்கி, கடைசியில் கடை மீனாகிவிட்டது. என் ருசிக்கு அது ஒட்டவில்லை. நீலமும் பொன்னும் ஓடுகிற அசல் கோட்டுக்கு முன் அது பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது.

ஆண் பெண் பார்ப்பது இப்படி. ஆண் ஒல்லி, கோடுகளுக்கு இடையில் பொன் மஞ்சள் அடிக்கும். பெண் வயிறு உருண்டு, இடைக்கோடு வெள்ளியாக இருக்கும். கடையில் இருக்கும் குட்டி மீனில் இது தெரியாது. ஒரு மாதம் நன்றாகத் தீனி போட்டால் பளிச்சென்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கவரைப் பதினைந்து நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

தீனி

நல்ல பொடிக்குருணை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. இதோடு வாரம் மூன்று நாள் மொய்னா என்ற குட்டித் தண்ணீர்ப்பூச்சியோ, கொசுப்புழுவோ கொடுத்தால் பெண் மீனின் வயிறு முட்டையால் நிறையும். கொசுப்புழுவை மொட்டை மாடி வாளியில் நீங்களே வளர்ப்பதாக இருந்தால் தினமும் வடிகட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் மறந்தால் மாடி வீட்டு மாமியிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். டெங்கு ஆள்கள் வந்தால் அபராதமும் உண்டு. சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் கொடுப்பதில்லை, அதோடு நோயும் சேர்ந்து வரும்.

முட்டை எடுப்பது

ஜீப்ரா முட்டை ஒட்டாது. செடியில் தொங்காது, நேராக அடியில் விழும். விழுந்த அடுத்த நொடி பெற்றவர்களே திரும்பிப் பொறுக்கித் தின்றுவிடும். பெரிய தொட்டியில் தினமும் முட்டை போட்டுக்கொண்டே இருந்தாலும் உங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே, முட்டை விழ வேண்டும், மீன் அதை எட்டக்கூடாது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, கோலிக்குண்டு. அடியில் இரண்டு அடுக்கு கோலி பரப்பினால் முட்டை இடுக்கில் இறங்கிவிடும், மீன் வாய் போகாது. முதல் தடவை இருநூறு கோலி வாங்கி வந்தபோது அம்மா, "ஏன்டா, இந்த வயசுலயா?" என்று கேட்டார்கள். இரண்டாவது வழி, வலைக்கூடை. ஒரு பிளாஸ்டிக் கூடையின் அடியை வெட்டி எடுத்துவிட்டு வலையைத் தைத்து, அதைவிடப் பெரிய டப்பில் அடியில் இருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். மீன் கூடைக்குள், முட்டை டப்பில். வலைக் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்றால், ஒரு கைப்பிடி கடுகைக் கொட்டிப் பாருங்கள். தடையில்லாமல் கீழே கொட்டினால் முட்டையும் கொட்டும். எனக்குக் கூடைதான் பிடித்தம். கோலியை எடுத்து எடுத்து அலசுவது தனி வேலை.

இப்போது நாள்வாரியாகச் சொல்கிறேன்.

ஐந்து நாள் முன்னால்: இன்ஃபுசோரியா தயாரிப்பைத் தொடங்குங்கள். இது என்ன என்று கீழே சொல்கிறேன். இதை மறந்துவிட்டு முட்டை எடுப்பவர்கள்தான் குஞ்சைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள். அதே ஐந்து நாள், உருண்ட வயிற்றுப் பெண் இரண்டு, நல்ல நிறமான ஆண் மூன்று எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். ஒரே தொட்டியில் நடுவில் கண்ணாடி நிறுத்தினாலும் போதும். இரண்டு பக்கமும் உயிர்த்தீனி நிறைய.

முந்தின நாள் மாலை: டப்பில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஆழம்தான் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் பரவிய வயல்களிலும் ஓரத்து ஆழமில்லாத குட்டைகளிலும் முட்டையிடும் மீன் இது, ஆழம் குறைந்தால் அதற்கு அந்த ஞாபகம் வரும் போலிருக்கிறது. பாதி பழைய தொட்டித் தண்ணீர், பாதி முந்தின நாள் பிடித்து வைத்த, ஒரு டிகிரி குளிர்ந்த தண்ணீர். ஓரத்தில் ஒரு கொத்து பாசி அல்லது பச்சை உல்லன் நூல் கட்டு போடுங்கள், மறைவிடமாக இருக்கும். இருட்டிய பிறகு ஐந்து மீனையும் கூடையில் விட்டு, ஒரு துணியால் மூடிவிடுங்கள்.

காலை: துணியை எடுத்துவிட்டு, கிழக்கு வெளிச்சம் விழும்படி விடுங்கள், இல்லை ஒரு டியூப் லைட் போடுங்கள். வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரம்தான் இதன் முகூர்த்தம். ஆண் பக்கத்தில் வந்து உரசும், பெண்ணின் வயிற்றை மூக்கால் தட்டும், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு நொடி நடுங்கும். அந்த நடுக்கத்தில் ஐந்து பத்து முட்டை விழும். ஒரு பெண் ஒரு காலையில் நூறு இருநூறு போடுவது சாதாரணம். டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் ஜவ்வரிசி வெந்த பிறகு கண்ணாடியாகுமே, அந்த மாதிரி, ஆனால் மணல் அளவில் தெரியும். எட்டு ஒன்பது மணிக்குக் கூடையோடு மீனை எடுத்து அதன் தொட்டியில் விட்டுவிடுங்கள். முதல் நாள் போடவில்லையா? மறுநாள் காலை வரை வைத்துப் பாருங்கள். இரண்டு நாளும் இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் தீனி போட்டுவிட்டு வாருங்கள்.

பொரியும் வரை

அன்று மாலைக்குள் சில முட்டை பால் போல வெளுக்கும். அது கருவுறாதது அல்லது செத்தது. அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டுக் குழாயால் ஒன்றொன்றாக உறிஞ்சி எடுங்கள். கண் வலிக்கும் வேலை, ஆனால் தவிர்க்காதீர்கள். மெத்திலீன் ப்ளூ இரண்டு மூன்று சொட்டு விட்டுத் தண்ணீரை இளநீலமாக்கினால் பூஞ்சை குறையும். நாட்டு வாதுமை இலை காய்ந்தது ஒரு துண்டு போடுபவர்களும் உண்டு, நான் இரண்டும் செய்து பார்த்ததில் எனக்கு நீல மருந்துதான் கைகொடுத்தது.

மறுநாள் காலை ஒரு லென்ஸ் எடுத்து முட்டையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் உள்ளே வால் சுருண்டு, அவ்வப்போது துடிக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இதயம் அடிப்பது தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் இதைக் காட்டிவிடுங்கள். என் மகள் அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குளிர்ந்த அறையில் ஒரு நாள் கூடும். பொரிந்தது மீன் மாதிரியே இருக்காது. மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி ஊசி, தலைப்பக்கம் இரண்டு கரும்புள்ளி. டப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, அதுதான் இப்போது சாப்பாடு. நீங்கள் எதுவும் போட வேண்டாம். போட்டால் தண்ணீர்தான் கெடும்.

அந்தப் பத்து நாள்

முட்டை விழுந்த நாளில் இருந்து எண்ணினால், நான்காம் ஐந்தாம் நாள் குஞ்சு மேலே ஏறி வந்து ஒரு வாய் காற்று குடிக்கும். அந்தக் காற்றுதான் உள்ளே இருக்கும் காற்றுப்பையை நிரப்புகிறது. நிரம்பினால் கிடைமட்டமாக நீந்தும். நிரம்பாத குஞ்சு அடியிலேயே துள்ளித் துள்ளிச் செத்துப்போகும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அதைத் துளைத்துக் காற்று குடிக்க அந்தச் சின்ன வாயால் முடியாது. நான் முதல் தடவை 140 முட்டையில் 11 குஞ்சுதான் தேற்றினேன். காரணம் பல நாள் புரியவில்லை. சாப்பிட்ட கையால் டப்பில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாம் நாளில் இருந்து, தினமும் காலையில் ஒரு டிஷ்யூ தாளைத் தண்ணீர் மேல் விரித்து மெல்ல எடுத்துவிடுங்கள். படலம் அதோடு வந்துவிடும்.

நீந்த ஆரம்பித்ததும் பசி. மஞ்சள் கரு தீர்ந்துவிட்டது. பொடித்த குருணை அதன் வாய்க்குப் பாறாங்கல். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் குஞ்சும் பெரிது. இங்கேதான் முட்டைக்கு ஐந்து நாள் முன்பே தொடங்கிய இன்ஃபுசோரியா வருகிறது.

இன்ஃபுசோரியா என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்கள் நிறைந்த தண்ணீர். ஒரு கைப்பிடி வைக்கோலைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஐந்து லிட்டர் ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீரோடு சேர்த்து, ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்கும் கொஞ்சம் ஊற்றி, மேலே துணி கட்டி வெளிச்சமான இடத்தில் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி நாறும். பயப்படாதீர்கள், அது பாக்டீரியா. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகியதும் நாற்றம் குறைந்து தண்ணீர் தெளியத் தொடங்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், வெயில் கற்றையில் தூசு பறப்பது போல வெள்ளைத் துகள்கள் தாமாக நகரும். அதுதான் பதம். தெளியாமல் நாற்றம் ஏறிக்கொண்டே போனால் கொட்டிவிட்டு வேறு போடுங்கள். நான் எப்போதும் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு ஜாடி வைப்பேன், ஒன்று கைவிட்டால் இன்னொன்று.

ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்குக் கால் டம்ளர். அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து விடுவதும் பழைய முறை. அவசரத்துக்கு உதவும். ஒரு சொட்டு அதிகமானால் மாலைக்குள் டப் முழுக்கப் பால் கலர், மறுநாள் காலி. கையில் இன்ஃபுசோரியா இருக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்த நாள்களில் தண்ணீரும் கெடக்கூடாது, குஞ்சும் இழுபடக்கூடாது. ஏர் டியூபின் நுனியில் மெல்லிய துணி கட்டி, தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீரை அதே டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறுவது போல. காற்று நொடிக்கு ஒரு குமிழி போதும்.

ஒன்பதாம் பத்தாம் நாள் ஆர்ட்டீமியா கொடுத்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு, கால் கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, நன்றாகக் காற்று, வெளிச்சம். பெப்சி பாட்டிலைத் தலைகீழாக வெட்டி வைத்தால் நல்ல கலன். 24 முதல் 36 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாக நீந்தும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், பொரிந்தவை கீழே கூடும். கீழே இருப்பதை மட்டும் டியூபில் எடுத்து, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு சேர்ந்து போனால் குஞ்சின் குடலில் அடைக்கும். அரை மணி நேரம் கழித்து லென்ஸில் பாருங்கள். வயிறு ஆரஞ்சாக இருக்கும் குஞ்சு தப்பித்துவிட்டது. வெளிறிய வயிற்றோடு இருக்கும் சின்னதுகளுக்காக இன்னும் மூன்று நாள் இன்ஃபுசோரியாவையும் சேர்த்தே விடுங்கள். வயிறு ஆரஞ்சான பிறகு பெரிதாக எதுவும் சாகாது.

அதற்குப் பிறகு

இரண்டாம் வாரம் முடிவில் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை வைக்கலாம். மூன்றாம் வாரத்தில் இருந்து குருணையை மாவாகப் பொடித்துக் கொடுங்கள். ஏறக்குறைய அப்போதுதான் கோடு விழத் தொடங்கும். ஒரு மாதத்தில் குட்டி ஜீப்ரா என்று அடையாளம் சொல்லலாம், மூன்று மாதத்தில் அதுவே முட்டை போடும்.

சின்ன டப்பிலேயே நூறு குஞ்சை அடைத்து வைத்தால் இரண்டு நடக்கும். வளர்ச்சி நிற்கும், ஆண்கள் கூடிப்போகும். இந்த மீனில் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் பிறப்போடு முழுக்க முடிவாவதில்லை. நெரிசலும் அரைப்பட்டினியும் ஆண் பக்கம் சாய்க்கும். ஒரு மாதக் குஞ்சு ஐம்பதுக்கு மேல் இருந்தால் இன்னொரு தொட்டி தேடுங்கள்.

நோய் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ரவை தூவியது போல வெள்ளைப்புள்ளி வந்தால் லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பைக் கரைத்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பத்து நாள் வைத்திருங்கள். செடி கொஞ்சம் வாடும், பரவாயில்லை. புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள், கிருமி அப்போது மணலில் இருக்கும். முதுகு வளைந்து, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகும் மீனைத் தனியாக வைத்துவிடுங்கள், அது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியாக இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான், மனிதத் தோலிலும் அது ஆறாத புண்ணாகும்.

மீன் பெருகிய பிறகு வரும் தொல்லை, யாருக்குக் கொடுப்பது என்பது. ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். தொட்டியைத் துடைக்க வாங்கிய சக்கர் மீனை இப்படி இரக்கப்பட்டு விட்டுவிட்டுத்தான் இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் அதுவாக ஏறுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து "அங்கிள், ஒரு ஜோடி மட்டும் குடுங்க" என்பான். எட்டாகக் கட்டிக் கொடுங்கள். கட்டுவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், கவரில் கழிவு சேராது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, இரட்டை ரப்பர் பேண்டு. கவரின் இரண்டு மூலைகளையும் மடித்து ஒட்டிவிட்டால் மூலையில் சிக்கிச் சாகாது. தூக்கிப்போக ஒரு துணிப்பையும் கொடுத்துவிடுங்கள், இருட்டாக இருந்தால் வழியெல்லாம் அடங்கி இருக்கும்.